தொண்டையில் சிக்குவது தொக்கமா?

குழந்தை சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மாட்டேனென்கிறது. வாய்க்கு வாய் தண்ணீர் கேட்கிறது, அடிக்கடி கக்குகிறது, எடையும் ஏறவில்லை. உடனே நாம் செய்வதென்ன? அடமென்று அடிக்கிறோம். நமது பிள்ளையை நாமே அப்படி அடித்ததுண்டு. பாட்டி கண்ணேறென்று மிளகாய் சுற்றிப்போடுகிறாள். பிறகு தொக்கம் எடுக்கிறவரிடம் ஓடுகிறோம். அவர் ஊதியும் உறிஞ்சியும் ஏதோ ஒரு துணுக்கைக் காட்டிக் காசு வாங்கிக் கொள்ளுகிறார். அத்துணுக்கு வந்தது குழந்தையின் வயிற்றிலிருந்தா, அவர் கன்னத்திலிருந்தா என்று யாராவது கேட்டோமா?

படித்த தோழர்கள் சிரிக்கிறார்கள். அவர்களையும் கேட்கிறோம். "அமிலம் மேலெழும்புகிறது" என்று ஒருவர் சொன்னதை நம்பி, பலனில்லாத மருந்தை வருஷக்கணக்காய்க் கொடுப்பது மட்டும் பகுத்தறிவாகுமா?

1995-ம் வருஷம் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியர்கள், அமிலக் கோளாறென்று பெயரிடப்பட்டு மருந்துக்குக் கேளாத 10 குழந்தைகளுக்கு, வழக்கமான ஆகாரத்தை நிறுத்தி, அமினோ அமிலங்களாலான பாலுணவை முக்கியமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 8 பேருக்கு உபத்திரவம் நீங்கிற்று. 2 பேருக்குக் குறைந்தது. குற்றவாளி அமிலமல்ல, ஒவ்வாத ஆகாரமே என்பது இதனால் விளங்கிற்று.

நம் ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஈசினோபில் என்று ஒருவகை உண்டு. ஆரோக்கியமான உணவுக்குழாயின் சுவரில் அதற்கு வேலையில்லை. பால், கோதுமை, முட்டை போன்றவற்றில் ஏதேனும் ஒவ்வாமற்போனால் அவ்வணுக்கள் அங்கே கூடிக் குழாயைப் புண்ணாக்கும்; நாளடைவில் குழாய் இறுகிச் சுருங்கவும் கூடும்.

இதை ரத்தப் பரீக்ஷை மட்டும் கொண்டு நிச்சயிக்க முடியாது. குழந்தையை மயக்கத்தில் வைத்து, வாய்வழியே மெல்லிய கருவியை விட்டு, குழாயின் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்குச் சதை எடுக்கவேண்டும். வெறுங்கண்ணுக்கு நன்றாயிருப்பதாய்த் தோன்றினாலும் எடுக்கவேண்டும். பூதக்கண்ணாடியின் ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோபில்கள் இருந்து, வேறு காரணங்களும் இல்லையென்று கண்ட பிறகே நோயின் பெயரைச் சொல்லலாம். அமில மருந்து இந்நோயிலும் சிலருக்குக் குணந்தரும். ஆகவே மருந்துக்குக் கேட்டதா இல்லையா என்பது நோயை அறியும் வழியல்லவென்று 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் முடிவு செய்தார்கள்.

கக்கும் குழந்தைக்கெல்லாம் இந்நோய் என்று நாம் சொல்லவில்லை. அநேகக் கைக்குழந்தைகள் கக்குவது தானே நின்றுவிடும். ஆனால், விழுங்குவதே கஷ்டமானால், மருந்து தின்றும் தீராவிட்டால், "உள்ளே பார்த்தீர்களா? சதையெடுத்து எண்ணினீர்களா?" என்று வைத்தியரைத் தைரியமாய்க் கேளுங்கள். அதற்குள் நீங்களாகவே பாலையும் முட்டையையும் நிறுத்திக் குழந்தையை வாட்டாதீர்கள்.

வலிக்கிறதென்று சொல்லத் தெரியாத குழந்தை, விழுங்காமலிருந்து அதைச் சொல்லுகிறது. அதற்கு அடி பதிலாகாது, தோழர்களே!