ஏழு நாளும் ஒரு வீதியும்

ஒரு வார ஓய்வு கிடைத்திருக்கின்றது. மோட்டார் சைக்கிளும் ஆயத்தமாய் நிற்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பாகத்தில் இத்தகைய வாய்ப்புப் பெற்ற ஒருவர் தேசப்படத்தை விரித்து நோக்குவாராயின், இரண்டு வீதிகள் அவர் கண்ணைக் கவரும். ஒன்று புளூ றிட்ஜ் பார்க்வே. மற்றையது நாச்செஸ் ட்ரேஸ் பார்க்வே. இவற்றுள் எதனைத் தெரிவது? அழகு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பது ஆபத்தாகும். காலமும், உடல் வலிமையும், ஓட்டுவோரின் தேர்ச்சியும், சில வேளைகளில் உயிரும் அத்தெரிவிலே தங்கியுள்ளன.

பார்க்வே என்பது யாது? பாதையையும் அதன் இரு மருங்கையும் சேர்த்து நீண்டதொரு பூங்காவாக அமைத்தால் அதுவே பார்க்வே. ஏனைய நெடுஞ்சாலைகள் ஊர்களை விரைவில் அடைவதற்காக அமைந்தவை; இவ்விரண்டும் மெல்லச் சென்று பார்ப்பதற்காக அமைந்தவை. வர்த்தக லொறிகளுக்கு இங்கு அனுமதி இல்லை; விளம்பரப் பலகைகளும் இல்லை. பெற்றோல் நிலையங்களும் இல்லாமையால், எரிபொருள் வேண்டின் வீதியை விட்டிறங்கி அயலூருக்குச் செல்லல் வேண்டும். சிறிய தாங்கியுடைய மோட்டார் சைக்கிளில் செல்பவர் இதனை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நன்று.

புளூ றிட்ஜ் பார்க்வேயின் நீளம் 469 மைல். வெர்ஜீனியாவிலுள்ள ஷெனன்டோவா தேசியப் பூங்காவையும், வட கரோலைனாவிலுள்ள பெரும் புகைமலைத் தேசியப் பூங்காவையும் அது இணைக்கின்றது. பொருளாதார மந்தத்தால் மக்கள் தொழிலின்றி வாடிய காலத்தில், 1935ஆம் ஆண்டு அதன் வேலை தொடங்கிற்று. அது தம் பள்ளத்தாக்கின் வழியே செல்வதைச் செரோக்கி மக்கள் பல்லாண்டு எதிர்த்தனர்; அதன் பயனாகப் பாதை மலைமுகட்டுக்கு மாற்றப்பட்டது. கிரான்ட்பாதர் மலைச்சரிவைக் குலைக்காது, அதனைத் தழுவிச் செல்லும் லின் கோவ் பாலம் அமைந்த பின்னரே, 1987இல், வீதி முழுமை பெற்றது.

இவ்வீதி 649 அடி உயரத்திலுள்ள ஜேம்ஸ் ஆற்றங்கரைக்கு இறங்கி, தென்கோடியை அண்மியதும் 6053 அடிக்கு ஏறுகின்றது. அடிவாரத்தில் வெயில் காயும்போது முகட்டிலே மூடுபனி கவிந்திருத்தல் கூடும். 26 சுரங்கவழிகள் உள, அவற்றில் விளக்கில்லை. கறுப்புக் கண்ணாடி அணிந்தவர் வெளியொளியிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில கணம் குருடர் போலாவார். உள்ளே செல்லச் செல்ல இறுகும் வளைவுகளும் உள்ளன. இலையுதிர் காலத்திலோ, மலைச்சாரலுக்குப் பொன்னும் செம்மையும் பூசும் அதே இலைகள், நனைந்து தெருவில் வீழ்ந்ததும் சக்கரத்தை வழுக்குகின்றன.

நாச்செஸ் ட்ரேஸ் மற்றொரு வகையினது. மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் நகரிலிருந்து அலபாமாவின் ஒரு மூலையைக் கடந்து, டெனசியின் நாஷ்வில் நகரின் அயல்வரை 444 மைல் செல்கின்றது. இங்கு பெருமலைகள் இல்லை. மரநிழலும், புல்வெளியும், நீரிலே நிற்கும் சைப்பிரஸ் மரங்களும் உள்ளன. இதன் சிறப்பு வரலாற்றில் உள்ளது. சொக்டோ, சிக்கசோ மக்கள் நடந்த தடம் இது. ஆற்றோட்டத்தோடு படகிற் பொருள் கொண்டுசென்ற வணிகர், படகையும் மரவிலைக்கு விற்றுவிட்டு இத்தடத்தால் வீடு திரும்பினர். மேற்றிசையை ஆராய்ந்து புகழ்பெற்ற மெரிவெதர் லூயிஸ் 1809இல் இறந்ததும் இவ்வழியில் இருந்த ஒரு விடுதியிலேதான். வளைவுகள் மென்மையானவை, புதிதாய்ப் பழகியவருக்கும் ஏற்றவை. எனினும் அந்திவேளையில் மான்கள் குறுக்கே பாயும்; கோடையில் வெப்பம் வருத்தும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். புளூ றிட்ஜில் வேகவெல்லை மணிக்கு 45 மைல். நாச்செஸ் ட்ரேஸில் பெரும்பாலும் 50 மைல். இரண்டே நாளில் ஒன்றை முடித்து, எஞ்சிய நாள்களில் மற்றதையும் பார்த்துவிடலாமென ஆசை கூறும். ஆனால் அவை அருகருகே உள்ளனவல்ல. இடையே டெனசியின் பெரும்பகுதி கிடக்கின்றது. ஒரு வாரத்தில் ஒரு நாளை மழைக்கும், ஒரு நாளைத் திரும்புதற்கும் ஒதுக்கினால் மிஞ்சுவது ஐந்து நாளே. புளூ றிட்ஜுக்கு நாளொன்றுக்கு 94 மைலும், நாச்செஸ் ட்ரேஸுக்கு 89 மைலும் போதும். அப்பொழுதுதான் காட்சிமேடைகளில் நிற்கவும், பழைய ஆலைகளைப் பார்க்கவும், இருளுமுன் தங்குமிடம் சேரவும் இயலும்.

ஆகவே வளைவிலும் பனியிலும் பழகிய கையுடையார் புளூ றிட்ஜைத் தெரியலாம். புதியவரும், பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிச் செல்பவரும் நாச்செஸ் ட்ரேஸைத் தெரிதல் நலம். எதுவாயினும், புறப்படுமுன் வீதி திறந்துள்ளதா என விசாரித்தல் கட்டாயம். 2024 செப்டெம்பரில் வீசிய ஹெலீன் சூறாவளி புளூ றிட்ஜின் பல பகுதிகளை மண்சரிவால் சிதைத்து, நெடுநாள் மூடச் செய்தது. தேசப்படத்தில் கோடு தொடர்ந்திருந்தாலும் நிலத்திலே வழி அறுந்திருக்கக் கூடும்.

இரண்டு வீதிகளையும் ஒரே வாரத்தில் ஓடி முடித்தவர், வீடு திரும்பி மைல்களின் எண்ணிக்கையைச் சொல்வார். ஒன்றை மட்டும் தெரிந்து, மற்றதை விட்டுவிடத் துணிந்தவரோ, கண்டவற்றைச் சொல்வார். நல்ல தெரிவு என்பது விடவேண்டியதை மனநிறைவோடு விடுதலே ஆகும்.