சிறு வணிகரும் அவர்தம் சங்கமும்

(சங்கத்தின் கருத்தரங்கிலே நிகழ்த்திய உரை)



வணிகர் சங்கம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன ஆண்டுவிழாவும், பூமாலையும், கடைச்சுவரிலே சட்டமிட்டுத் தொங்கும் அங்கத்துவப் பத்திரமுமேயாம். கடையடைப்பு நாளை அறிவித்தற்கே சங்கம் என்று நகைப்போரும் உளர். சிறு வணிகனுக்கு அவனுடைய சங்கம் உண்மையிலே என்ன செய்தல் வேண்டும்? செய்யாதொழியின் விளைவு யாது? இவ்விரு வினாக்களையும், நம் காலத்திலே பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

பெரிய கொம்பனிக்குச் சட்டத்தரணி உண்டு; கணக்காளர் உண்டு; அமைச்சரைக் கண்டு பேசுதற்கு ஆளும் உண்டு. சிறுகடைக்காரனோ தானே முதலாளி, தானே கணக்கப்பிள்ளை, மாலையிலே கடையைக் கூட்டுபவனும் தானே. வரிக் கடிதம் வந்தால் வாசித்துப் பொருள் சொல்ல அவனுக்கு ஆளில்லை. ஆகவே பலர் கூடிச் சிறுசிறு சந்தா செலுத்தி, அறிந்தோரின் ஆலோசனையைத் தமக்குப் பொதுவாக்கிக் கொள்ளுகின்றனர். இது சங்கத்தின் முதற்பணி. பலர் குறையை ஒரு குரலாக்கி அரசினரிடமும் பெருநிறுவனங்களிடமும் எடுத்துரைத்தல் இரண்டாம் பணி. இவ்விரண்டுக்கும் இடையே, வெளியே தெரியாத மூன்றாம் பணி ஒன்றுண்டு. தனித்தனிக் கடைகளிலே நிகழும் துன்பங்களை ஓரிடத்திலே சேர்த்து நோக்கி, "இஃது உமக்கு மட்டும் நேர்ந்ததன்று" என்று சொல்லுதலே அது. இம்மூன்றாம் பணி தவறியதால் வந்த கேட்டையே இங்கு கூறப்போகின்றோம்.

பிரித்தானியாவிலே பெரும்பாலான தபாற்கந்தோர்களை நடத்துவோர் அரச ஊழியரல்லர். கடையின் ஒரு புறத்திலே தபால் மேசையையும் வைத்து, ஒப்பந்தத்தின்பேரில் நடத்தும் சிறு வணிகரே அவர். உபதபாலதிபர் எனப்படும் இவர்களுட் பலர் தம் சேமிப்பு முழுவதையும் அக்கடையிலே முதலிட்டவர். நம் துணைக்கண்டத்திலிருந்து சென்று குடியேறிய குடும்பத்தினரும் அவர்களுள் உளர். 1999ஆம் ஆண்டு தொடக்கம் இவர்களுடைய மேசைகளிலே 'ஹொறைசன்' என்னும் கணினிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. அம்முறையிலே பிழைகள் இருந்தன. உண்மையிலே பணம் குறையாதிருக்கவும், ஆயிரக்கணக்கான பவுண் குறைகின்றதென்று கணினி காட்டிற்று. குறையைக் கட்டவேண்டியவர் கடைக்காரரே என்றது தபாற்கந்தோர் நிறுவனம். கடன்பட்டுக் கட்டியோர் பலர். களவு, பொய்க்கணக்கு என்னும் குற்றங்களைச் சுமந்து மறியலுக்குப் போனோரும் பலர். 1999 முதல் 2015 வரை குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டோர் 900 பேருக்கும் அதிகம். உதவி வேண்டித் தொலைபேசியிலே பேசிய பலருக்குக் கிடைத்த மறுமொழியோ, "வேறெவருக்கும் இப்படி நேரவில்லை, உமக்கு மட்டுந்தான்" என்பதேயாம்.

இந்த ஒரு பொய்யை உடைத்தற்குரிய இடம் எது? அவர்களுடைய சங்கமன்றோ! உபதபாலதிபர்களின் தேசிய சம்மேளனம் 1897ஆம் ஆண்டிலே தோன்றியது; நாடெங்கும் கிளைகளை உடையது. வந்த முறைப்பாடுகளை ஒரு கொப்பியிலே வரிசையாக எழுதி வைத்து வாசித்திருந்தாலே பெரும் ஐயம் எழுந்திருக்கும். ஆனால் சம்மேளனத் தலைமையோ, கணினிமுறை நம்பத்தக்கதே என்ற நிறுவனத்தின் சொல்லைத் தானும் சொல்லி நின்றது. தம் சங்கத்தை நாடிச் சென்றோர் பலர் வெறுங்கையுடன் திரும்பினர்.

பின்னர் 2015ஆம் ஆண்டிலே அச்சம்மேளனம் அங்கத்தவரின் சந்தாவை விடுத்து, தபாற்கந்தோர் நிறுவனம் வழங்கும் நிதியிலே நடைபெற ஒப்பந்தஞ் செய்தது. சந்தா இல்லாத அங்கத்துவம் கேட்போருக்கு இனிக்கும். ஆயின் 2019 மார்ச்சிலே தீர்ப்பு வழங்கிய நீதிபதி பிரேசர், சம்மேளனம் நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட்டதன்று என்றும், அங்கத்தவர் நலனுக்கு மேலாகத் தன் நிதியை அது மதித்தமைக்குச் சான்றுண்டு என்றும் கண்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தனிமனிதருக்கு உயர்ந்த அறம். சங்கத்துக்கும் அதுவே அறம். ஆதலாலன்றோ அது யாருடைய உப்பைத் தின்னுகின்றது என்று முதலிலே கேட்டல் வேண்டும்!

ஆயினும் பணத்தின்மீதே பழி முழுவதையும் போடுதல் நியாயமாகாது. சந்தா வாங்கிய காலத்திலேயே சம்மேளனத்தின் செவி அடைபட்டுவிட்டது. நிறுவனம் வாழ்ந்தால் நாமும் வாழ்வோம் என்று அதன் தலைவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. ஆனால் பெரியோருடன் நட்புப் பேணும்போது எளியோன் ஒருவனின் முறைப்பாடு இடையூறாகத் தோன்றத் தொடங்குமாயின், சங்கம் தன் பாதையை விட்டு விலகிற்று என்பதே பொருள். செவியை முதலிலே அடைத்தது பழக்கம். அதற்குப் பூட்டுப் போட்டது பணம்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். வேல்ஸ் நாட்டிலே தபாற்கடை நடத்திய அலன் பேற்ஸ் என்பவர், கணினி காட்டிய குறையைத் தம் கடனென ஏற்க மறுத்து, 2003ஆம் ஆண்டிலே ஒப்பந்தத்தை இழந்தார். 2009ஆம் ஆண்டிலே, தம்போற் பாதிக்கப்பட்டோரை ஒரு சிற்றூர் மண்டபத்திலே கூட்டினார். "எனக்கு மட்டுந்தான்" என்று பல்லாண்டு நாணிக் கிடந்தோர் அங்கே ஒருவரையொருவர் கண்டனர். பெருங்கட்டடமும் செல்வமும் இல்லாத அந்தக் கூட்டணி, 555 பேரை ஒரு வழக்கிலே சேர்த்தது. 2019 டிசெம்பரிலே 5 கோடியே 77 இலட்சத்து 50 ஆயிரம் பவுணுக்கு இணக்கம் ஏற்பட்டது. கணினிமுறையிலே பிழைகள் இருந்தனவென்று நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவு போக அவர்கள் கைக்கு எட்டியது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. ஆயினும் வாயில் திறந்துவிட்டது. 2021 ஏப்ரிலிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத்தீர்ப்பை ஒரே நாளில் நீக்கியது. 2024 மே மாதத்திலே பாராளுமன்றம் சட்டமியற்றி எஞ்சிய நூற்றுக்கணக்கானோரின் குற்றத்தீர்ப்புக்களையும் நீக்கியது. இதற்குள் நீதியைக் காணாமலே இறந்துபோனோரும் உளர். அவர்களுக்கு எச்சட்டம் ஈடாகும்?

அன்பர்களே, இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? சங்கத்தின் வலிமை அதன் கட்டடத்திலும் வயதிலும் இல்லை. யாரோடு பேரம் பேசவேண்டுமோ அவரிடம் கைநீட்டாதிருத்தலிலும், கடைக்கோடியிலுள்ள அங்கத்தவனின் கடிதத்தையும் பிரித்து வாசித்தலிலுமே அஃது உள்ளது. ஏழை வணிகரின் சந்தா சங்கத்துக்குப் போதாது என்பர் சிலர். போதாவிடில் பொதுநிதியை நாடலாம். நன்மக்கள் உதவியையும் பெறலாம். எதிர்த்தரப்பின் பணப்பையை மட்டும் நாடலாகாது.

நம்மூர்க் கடைத்தெருக்களிலும் சங்கங்கள் உள. நம் தந்தையரும் மாமன்மாரும் அவற்றின் அங்கத்தவர். படித்த இளைஞராகிய நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய தொண்டு மிக எளியது. முறைப்பாட்டுப் புத்தகம் ஒன்றை ஒழுங்காக எழுதிக் கொடுப்போம், வரவுசெலவு அறிக்கையை வாசித்துப் பொருள் விளக்குவோம், பொதுக்கூட்டத்திலே எழுந்து, "இப்பணம் எங்கிருந்து வந்தது?" என்று பணிவுடன் கேட்போம். அந்தக் கேள்வி கேட்கப்படும் சங்கத்திலே எந்தக் கடைக்காரனும் தனியனாகான்.