பழகிவிடும் என்ற பயம்



நோ தணிக்கும் வலுவான மருந்து ஒன்று வீட்டுக்குள் வரும்போது, அதன் பின்னாலேயே ஒரு சொல்லும் வந்து சேர்கிறது. "வேண்டாம், பழகிவிடும்" என்பதே அச்சொல். வெள்ளவத்தை மாடிவீடொன்றில் தாயின் தலைமாட்டில் இருக்கும் மகள் அதனைச் சொல்வாள். கொட்டாஞ்சேனையில் மாமனாரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று திரும்பும் மருமகன் சொல்வார். பல வேளைகளில் நோயாளரே சொல்லிவிட்டு, மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார். வைத்தியர்களுள்ளும் இதனைச் சொல்வோர் உளர். சொல்பவர் எவரும் கெடுநினைவோடு சொல்வதில்லை. ஆயினும் இந்த ஒரு சொல்லின் காரணமாக, தணித்திருக்கக்கூடிய நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்து இரவுகளைக் கழித்தவர்கள் நம்மிடையே பலர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இச்சொல்லையே.

பழகுதல் என்பது தமிழில் இனிய சொல். மனிதரோடு பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம், புதிய ஊரும் நாளடைவில் பழகிப்போகிறது. ஆனால் மருந்தைப் பற்றிப் பேசும்போது இச்சொல் தம்முள் வேறான மூன்று நிலைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மோர்பின் போன்ற மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால், முன்பு போதுமாயிருந்த அளவு பின்னர் போதாமற் போகலாம். இது ஒரு நிலை. அம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என்பன தோன்றும். இது வேறொரு நிலை. உடம்பு மருந்தின்மேற் சாய்ந்து நின்றதற்கு இது அடையாளமேயன்றி, மனம் கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் மாத்திரையையும் நீண்டநாள் உட்கொண்டபின் சடுதியாக நிறுத்தலாகாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும். அதனை உட்கொள்பவரைப் போதைக்கு அடிமை என்று எவரும் அழைப்பதில்லை.

மூன்றாவது நிலையே உண்மையில் அஞ்சத்தக்கது. தன் உடலும் தொழிலும் குடும்பமும் மருந்தினாற் சீர்குலைவதைக் கண்ணாற் கண்ட பின்னரும் அதனை நாடாதிருக்க முடியாமை அது. முதலிரண்டும் எவருக்கும் நேரக்கூடியவை, வைத்தியர் எதிர்பார்த்திருப்பவை. மூன்றாவது சிலருக்கே நேர்வது. முன்னரே மதுவுக்கோ வேறு போதைப்பொருளுக்கோ ஆட்பட்டவரிடம் அது நேரும் வாய்ப்பு மிகுதி. மருந்து நன்மை செய்கின்றதா என்று அறிய வீட்டார் பார்க்கக்கூடிய குறி ஒன்றுண்டு. நோ தணியப்பெற்றவர் வாழ்க்கைக்குத் திரும்பி வருவார், இரண்டு கவளம் கூடுதலாக உண்பார், பேரப்பிள்ளையோடு பேசுவார், கோயிலுக்குப் போக வேண்டும் என்பார். அடிமையானவரோ வாழ்க்கையிலிருந்து விலகிப் போவார்.

நம் மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் ஒருப்படேன். அதற்குக் காரணங்கள் உள்ளன. நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய நம் நாட்டுக் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு 1984இல் செய்யப்பட்ட திருத்தம், ஹெரோயின், கொக்கேயின், அபின் ஆகியவற்றோடு மோர்பினையும் ஒரே வரிசையில் நிறுத்தி, குறித்த அளவுக்கு மேற் கடத்துவோருக்கு மரண தண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதித்தது. 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. 'தூள்' என்றும் 'குடு' என்றும் பெயர் பெற்ற அப்பொருள் குடும்பங்களை என்ன செய்தது என்பதை வடகொழும்பில் வாழ்வோருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்றோ பத்திரிகையைத் திறந்தால், வலி நிவாரணி மாத்திரைகளுடன் இளைஞர் கைதான செய்தி அடிக்கடி கண்ணிற் படுகிறது. பிரெகபலின், திரமடோல் என்ற பெயர்களை நோயாளர் வைத்தியரிடம் கேட்டறியுமுன்பே பொலிஸ் செய்தியில் வாசித்துவிடுகின்றனர். அதே பெயர் தம் மருந்துச் சீட்டிலும் இருக்கக் கண்டால் எவர்தாம் திடுக்கிடார்?

ஆனால் அதே சட்டந்தான் வைத்தியர் இம்மருந்துகளை எழுதிக்கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் சர்வதேச போதைப்பொருள் உடன்படிக்கையின் முகவுரையும், நோவையும் துன்பத்தையும் தணிப்பதற்கு இவற்றின் மருத்துவப் பயன்பாடு இன்றியமையாதது என்று ஒப்புக்கொள்கிறது. ஜெர்மனியில் சேர்ட்டூர்னர் என்ற இளைஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து பிரித்தெடுத்த பொருளே மோர்பின். அபின் தரும் செடியின் விதைதான் நாம் குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசா. செடி ஒன்றே; அதனாற் கசகசா எவரையும் மயக்குவதில்லை.

அச்சம் நோயாளர் பக்கத்தில் மட்டும் இருப்பதன்று. 1973இல் நியூயோர்க்கில் மார்க்ஸ், சாக்கர் என்னும் இரு மனநல வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோவைப் பொறுக்கமாட்டாது மிகையாக நடந்துகொள்கிறார்கள் என்று கருதப்பட்ட நோயாளரைப் பார்க்கும்படி அவர்கள் அழைக்கப்பட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், குறை நோயாளரின் மனத்தில் இல்லை. மருந்தின் அளவிலேயே இருந்தது. ஆராயப்பட்ட 37 பேருள் 32 சதவீதத்தினர் மருந்து பெற்றுக்கொண்டே கடுந்துன்பத்திலும், மேலும் 41 சதவீதத்தினர் நடுத்தரமான துன்பத்திலும் கிடந்தனர். வைத்தியர்களை உசாவியபோது, மருந்தின் வேலை நீடிக்கும் நேரத்தை அவர்கள் கூட்டியும், வேண்டிய அளவைக் குறைத்தும், அடிமையாகும் அபாயத்தைப் பெருக்கியும் மதிப்பிட்டிருந்தமை தெரிய வந்தது.

இதன் விளைவு எப்படி அமைகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். சாதாரண மோர்பின் மாத்திரையோ பாணியோ ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். அதனை ஆறு மணிக்கு ஒருமுறை கொடுக்கும்படி எழுதிவிட்டால், ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு மணி நேரம் நோயாளருக்கு நரகமே. அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தாதியை அழைக்கிறார், அடுத்த வேளை எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். இதைக் காணும் தாதிக்கும் வீட்டாருக்கும், "மருந்துக்கு அலைகிறாரே, பழகிவிட்டது போலும்" என்று தோன்றுகிறது. அவர்கள் மருந்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அவர் இன்னும் கெஞ்சுகிறார். 1989இல் வைஸ்மன், ஹாடொக்ஸ் என்பார் குருதிப் புற்றுநோய் கண்ட 17 வயது இளைஞன் ஒருவனிடம் இந்நிலையைக் கண்டு, இது போலி அடிமைத்தனம் என்று பெயரிட்டனர். இலண்டனில் 1967இல் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இதற்கு முன்பே மாற்றுக் கண்டிருந்தார்: நோ வந்தபின் கெஞ்சிப் பெறும் மருந்தாக அன்றி, நோ தலைதூக்குமுன் நேரம் தவறாது கொடுக்கும் மருந்தாக மோர்பினை வழங்குவது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்கு வகுத்த நெறியும் இதனையே கூறிற்று: வாய்வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக.

இவ்வளவில் நான் நிறுத்திக்கொண்டால் நேயர்களுக்கு அரைவாசி உண்மையையே சொன்னவனாவேன். அச்சத்தை அடியோடு துடைத்தெறிந்த நாட்டின் கதையும் உண்டு. 1980இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் ஐந்து வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. வைத்தியசாலையில் இத்தகைய மருந்து பெற்ற 11,882 பேருள், முன்னர் அப்பழக்கமில்லாதிருந்து அடிமையானோர் நால்வரே என்று அது கூறியது. அது வைத்தியசாலைக்குள் மருந்து பெற்றோரின் கணக்கு. மாதக்கணக்கில் வீட்டில் இருந்து மாத்திரை விழுங்குவோரைப் பற்றியது அன்று. ஆயினும் அதனை 600 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டி, அடிமையாதல் அரிது என்று பலரும் எழுதினர். 1996இல் ஒக்ஸிகொன்ரின் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பேர்டியூ நிறுவனம், முதுகு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் அதனைப் பரப்பியது. போலி அடிமைத்தனம் என்ற கருத்தும் விற்பனைக்குத் துணையாயிற்று. எண்ணற்ற உயிர்கள் போயின. அந்நிறுவனம் 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பின்னர் அந்நாட்டு வைத்தியர் சிலர் மறுபக்கம் சாய்ந்து, நெடுநாள் மருந்து உட்கொண்டோருக்கு அதனைச் சடுதியாக வெட்டினர். அதனால் நேர்ந்த துன்பங்களைக் கண்டு, அவ்வாறு நிறுத்தலாகாது என்று அரசாங்க மருந்துத் துறை 2019இல் எச்சரிக்க நேர்ந்தது.

ஆகவே புற்றுநோயின் நோ வேறு, ஆண்டுக்கணக்கான முதுகு நோ வேறு. பின்னையதற்கு வலுவான மருந்தை நீண்டகாலம் தருவதன் பயன் ஐயத்துக்குரியது. அங்கே வைத்தியர் மறுத்தால் அது பெரும்பாலும் நியாயமான மறுப்பே. ஆனால் மறுப்போடு பேச்சு முடிந்துவிடலாகாது. "அது வேண்டாமென்றால் வேறு என்ன செய்யலாம், டொக்டர்?" என்று கேட்பதற்கு நோயாளருக்கு முழு உரிமை உண்டு.

பேச்சு என்ற இடத்திற்றான் கொழும்பில் வாழும் தமிழர் பலர் தடுக்கி விழுகின்றனர். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலே, இப்போது அபேக்ஷா என வழங்கும் அவ்விடத்திலே, காலைக் கூட்டத்தில் முறை வருவதற்குள் நோயாளர் களைத்துப் போகிறார். வைத்தியர் சிங்களவராக இருக்கலாம். "நோ எப்படி?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்று விடை வருகிறது. பெரியவர்முன் முறையிடுவது மரியாதையன்று என்ற எண்ணம் நமக்கு. சொன்னால் நோய் முற்றிவிட்டதென்று கூறிவிடுவாரோ என்ற அச்சமும் உள்ளூர இருக்கிறது. இரவு முழுவதும் சுவரைப் பார்த்து அழுதவர் பரவாயில்லை என்று சொல்ல, வைத்தியர் அதனை நம்பிப் பழைய மருந்தையே எழுதுகிறார். அவரை எப்படி நோவது?

நோவுக்கு நம் வீட்டுத் தமிழில் எத்தனை சொற்கள்! உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, இழுப்பு, விறைப்பு. இவை வெறும் அலங்காரம் அல்ல. வைத்தியருக்கு இவை திசைகாட்டிகள். எலும்பின் ஆழத்து உளைவு ஒருவகை. எரிவும், மின்சாரம் தாக்கினாற்போன்ற சுண்டலும், விறைப்பும் நரம்பு தாக்கப்பட்டதைக் காட்டக்கூடும். அதற்கு மோர்பின் தனித்துப் போதாமற் போகலாம், அமிற்றிப்ரிலின், பிரெகபலின் போன்ற வேறு மருந்துகள் உதவலாம். பத்திரிகையிற் கண்ட அந்தப் பெயர் சீட்டில் எழுதப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. சிங்களத்தில் 'ரிதெனவா' என்ற ஒரு சொல்லை மட்டும் அறிந்துகொண்டு போவது போதாது. எரிவுக்கு 'தெவில்ல', உளைவுக்கு 'கெக்கும' என்று இரண்டு சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு போனாலே பேச்சு வேறு திசையில் நடக்கும். நோ எந்த நேரத்திற் கூடுகிறது, மாத்திரை எத்தனை மணிக்கு உட்கொள்ளப்பட்டது, எத்தனை மணி வரை தாங்கியது, இரவு எத்தனை தரம் விழிப்பு வந்தது என்பனவற்றைப் பயிற்சிக் கொப்பியொன்றில் நாலு நாட்கள் குறித்து வைத்தால், அந்த ஒரு பக்கம் பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம்.

அச்சத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். "டொக்டர், இது அம்மாவுக்குப் பழகிவிடுமோ என்று எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று மகள் வாய்விட்டுச் சொன்னால், வைத்தியர் விளக்கம் தரலாம். சொல்லாது வைத்துக்கொண்டு வீட்டில் பாதி மாத்திரையாக உடைத்துக் கொடுத்தால், மருந்து போதவில்லை என்று அவர் தவறாக முடிவு செய்வார். மாத்திரைகளுள் மெல்லக் கரையும் வகையை உடைத்துக் கொடுப்பது ஆபத்துங்கூட. வீட்டில் முன்பு மதுவோ தூளோ பழகியவர் இருந்தால், அதனையும் சொல்லிவிட வேண்டும். நாணத்துக்குரிய செய்திதான், ஆனால் அதனை அறிந்த வைத்தியர் மருந்தை மறுக்கவேண்டும் என்பதில்லை, குறைந்த நாட்களுக்குக் கொடுத்து அடிக்கடி வரச்சொல்லலாம். வைத்தியரும் "பழகிவிடும்" என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறாது, மூன்றனுள் எதனை அஞ்சுகிறார் என்று விளக்கினால் நலம்.

அயலிற் கேரளத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய தணிப்புச் சிகிச்சை முயற்சி, அயலவர்களின் தொண்டோடு வீடுவீடாகப் பரவியது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் மோர்பினுக்கு வைத்த தடைகள் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் பெருமளவு தளர்ந்தமைக்கும் இவர்களின் விடாமுயற்சி ஒரு காரணம். நம் நாட்டிலும் மஹரகமவில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இல்லம் இத்தகைய பணியைச் செய்து வருகிறது.

மோர்பின் வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவை சில உள. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அதற்கான மருந்தையும் அன்றே கேட்டு வாங்க வேண்டும். முதற் சில நாட்களின் குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் தாமே அடங்கும். ஆனால் எழுப்ப இயலாத உறக்கமும், மூச்சு மிக மெதுவாவதும் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரையைச் சாமியறையிலோ குளிர்சாதனப் பெட்டியின் மேலோ திறந்தபடி வைக்கலாகாது. அலுமாரியிற் பூட்டி, சாவியை ஒருவரே வைத்திருப்பது நல்லது. மிஞ்சியதை அயலவருக்கு இரவல் கொடுக்காமல் வைத்தியசாலையிற் சேர்ப்பிக்க வேண்டும். அலுமாரியிலுள்ள மாத்திரைகளை நாள்தோறும் எண்ணி அதே பயிற்சிக் கொப்பியில் எழுதிவந்தால், அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கணக்கையே வைத்தியர்முன் விரித்துவைக்கலாம்.