வேண்டாத வண்ணம்

மோட்டார் வண்டியின் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையில், தரையை ஒட்டி ஒரு நீண்ட தகடு ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசற்படியைப் போன்ற இடத்தில் இருப்பதால் அதைப் படித்தகடு என்று அழைப்போம். பல வண்டிகளில் இந்தப் படித்தகடும், கதவுகளின் அடிப்பகுதியும், சக்கர வளைவுகளின் ஓரமும் மற்றப் பாகங்களினின்றும் வேறான பூச்சைப் பெற்றிருக்கும். சிலவற்றில் அது கறுப்பு, சிலவற்றில் சாம்பல் நிறம். இன்னும் சிலவற்றில் நிறம் ஒன்றே. ஆனால் தடவிப் பார்த்தால் சாத்துக்குடித் தோலைப்போல் சொரசொரப்பாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்தே அவ்வாறு வருகிறது. வாங்கியவருக்குச் சில காலம் சென்றபின் அது பிடிக்காமற் போகிறது. "இதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே உள்ள நிறத்தையே கீழேயும் பூசினால் என்ன?" என்று கேட்கிறார். கேள்வி எளியதுதான். விடையோ பௌதிகத்தையும் ரசாயனத்தையும் தொட்டுச் செல்வது. ஆகையால்தான் மாணவர்களாகிய உங்களோடு இதைப்பற்றிப் பேச முற்பட்டேன்.

அந்தப் பூச்சு அங்கே ஏன் இருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒரு பொருளை நீக்குமுன் அதை வைத்தவன் எதற்காக வைத்தான் என்று அறிந்துகொள்வது நல்லது. முன் சக்கரம் உருளும்போது மணலையும் சரளைக் கல்லையும் பின்னோக்கி வாரி வீசுகிறது. அந்தக் கற்கள் வந்து அடிக்கும் இடம் இந்தப் படித்தகடுதான். சாதாரண வண்ணம் கடினமானது. கல் பட்டால் சில்லாகத் தெறித்துவிடும். தெறித்த இடத்தில் ஈரம் புகும், துரு பிறக்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள வண்ணத்தையும் அது நெம்பித் தூக்கிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இவ்வேலையை விரைவுபடுத்தும். இதைத் தடுக்கவே பாலிவினைல் குளோரைடு போன்ற நெகிழும் பொருளால் தடித்த பூச்சு ஒன்றை அங்கே பூசுகிறார்கள். அது ரப்பரைப்போல் அடியை வாங்கிக்கொள்ளும். ஆக, சொரசொரப்பு அலங்காரமன்று, கவசம். சொரசொரப்பின்றி நிறம் மட்டும் வேறாக இருந்தால் அது பெரும்பாலும் அலங்காரமே. அதை மாற்றுவதில் அவ்வளவு நஷ்டமில்லை.

இனி, தொழிற்சாலை வண்ணம் என்பது எத்தகையது? 1914 முதல் 1925 வரை ஃபோர்டு 'டி' மாதிரி வண்டிகள் கறுப்பாகவே வந்தன என்பது பலரும் அறிந்த செய்தி. 1920-களில் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு வண்ணம் வந்தபின்தான், நாட்கணக்கில் உலர வேண்டியிருந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது; பல நிறங்களும் எளிதாயின. இன்றைய முறை அதனினும் வேறு. தகடுகளை ஒட்டி முடித்த வண்டிக்கூட்டை முதலில் கழுவி, துத்தநாக பாஸ்பேட் கரைசலில் நனைக்கிறார்கள். உலோகத்தின்மேல் நுண்ணிய படிகங்கள் மூடுகின்றன. தில்லியில் சுமார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூணைத் துரு தின்னாமல் காப்பதும் ஒருவகைப் பாஸ்பேட் படலமே என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து கூறினார். அங்கே அது தானாக விளைந்தது. இங்கே நாம் திட்டமிட்டுச் செய்கிறோம்.

அடுத்த படிதான் மிகவும் சுவையானது. நீரில் கலந்த வண்ணம் நிறைந்த ஒரு பெருந்தொட்டியில் வண்டிக்கூடு முழுவதையும் அமிழ்த்தி மின்சாரம் செலுத்துகிறார்கள். வண்டிக்கூடு எதிர்மின்வாய். நேர்மின்னூட்டம் பெற்ற வண்ணத் துகள்கள் அதை நோக்கி நகர்ந்து அதன்மேல் படிகின்றன. படிந்த இடத்தில் மின்தடை மிகுந்துவிடுவதால் மின்னோட்டம் அங்கே குறைந்து, இன்னும் மூடப்படாத மூலைமுடுக்குகளைத் தேடிச் செல்கிறது. தூரிகை நுழையாத பெட்டிக்குள்ளும் வண்ணம் இவ்வாறு சென்று சேர்கிறது. ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் என்ற ரசாயன அறிஞர் முன்னின்று வளர்த்த இம்முறை 1960-களில் வண்டித் தொழிலில் நுழைந்தது. அக்காலத்தில் வண்டிக்கூடு நேர்மின்வாயாக இருந்தது. 1970-களில்தான் எதிர்மின்வாயாக மாற்றினார்கள். இப்பூச்சின் தடிப்பு சுமார் 20 மைக்ரான். பின்னர் 160 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் அதை அடுப்பில் சுடுகிறார்கள். அதன்மேல் இடைப்பூச்சு, நிறப்பூச்சு, கண்ணாடி போன்ற மேற்பூச்சு ஆகியவை வருகின்றன. எல்லாம் சேர்ந்தும் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கற்கவசம் மட்டும் இதற்குப் பல மடங்கு தடித்திருக்கலாம்.

அடுப்பில் சுடுவதன் பொருள் என்ன? பச்சைச் செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகும். சூளையில் வெந்த செங்கல் எத்தனை நாள் கிடந்தாலும் கரையாது. வண்ணமும் அப்படியே. சுட்டபின் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலையாகிவிடுகின்றன. தின்னரில் நனைத்த துணியால் ஒரு மறைவான இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது பின்னாளில் பட்டறையில் பூசிய அரக்கு வண்ணமாக இருக்கும்; அதைத் தின்னராலேயே துடைத்து, அடியிலுள்ள பழைய வண்ணத்தைக் கெடாமல் மீட்கவும் கூடும். நிறம் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் தொழிற்சாலைப் பூச்சு. அதைக் கரைக்க முடியாது. சுரண்டலாம், இளக்கலாம், தேய்க்கலாம்.

ரசாயனக் களிம்பு பூசி வண்ணத்தைப் பொங்கி எழச் செய்யும் முறையும் உண்டு. பல காலம் இக்களிம்புகளில் முக்கியப் பொருளாக இருந்தது டைகுளோரோமீத்தேன். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரைமட்டத்தில் தேங்கும். படித்தகட்டில் வேலை செய்பவன் தரையில் படுத்துக்கொண்டு அல்லவா வேலை செய்கிறான்! மூச்சில் சென்ற ஆவியிலிருந்து உடலுக்குள் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. உயிர்கள் போனபின், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2019-இல் இதைப் பொதுமக்களுக்கு வண்ணநீக்கியாக விற்பதைத் தடை செய்தது. அன்றியும், களிம்பு தகட்டின் மடிப்புகளுக்குள் புகுந்தால் முழுவதும் கழுவ இயலாது. பின்னர் பூசும் புது வண்ணத்தை உள்ளிருந்தே அரிக்கும். பிளாஸ்டிக் பாகமாயின் பாகத்தையே தின்றுவிடும். இம்முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மணலைக் காற்றழுத்தத்தால் வீசி அடிப்பதும் வேண்டாம். தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அது நெளிந்துபோகும். மணற்றூள் நுரையீரலில் படிந்து ஆளைக் கொல்லும். பிரிட்டன் இதை 1949-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்துவிட்டது.

கற்கவசத்தை எடுக்க ஏற்றது மிதமான வெப்பம். வெந்நீர்ப்பதத்திற்குச் சற்று மேலாகச் சூடான காற்றைப் பாய்ச்சினால் அது மெழுகுபோல் இளகும். பிளாஸ்டிக் அலகால் நாடா நாடாவாக உரிக்கலாம். இரும்பு அலகு கூடாது. அது கீழுள்ள பூச்சைக் கீறும். புகை எழுந்தால் எல்லை மீறிவிட்டோம் என்று அறிக. பாலிவினைல் குளோரைடு கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு வெளிப்படும். மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். படித்தகடு உள்ளே கூடான பெட்டி. துருப்பிடிக்காதிருக்க அதற்குள் மெழுகு தெளித்திருப்பார்கள். வெளியே கடுஞ்சூடு காட்டினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி ஓடும், சில வேளை தீயும் பற்றும்.

கவசம் போனபின் எஞ்சியதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இங்கேதான் கண்ணுக்கு வேலை. சரிவாகத் தேய்த்துவரும்போது மரத்தின் வயதுவளையங்களைப்போல் நிற வரிகள் ஒவ்வொன்றாகத் தெரியும்: மேற்பூச்சு, நிறம், இடைப்பூச்சு, பிறகு சாம்பலாகவோ கறுப்பாகவோ மின்பூச்சு. மின்பூச்சு கண்ணிற்பட்டதும் கையை நிறுத்திவிட வேண்டும். பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தால்தான் சுத்தம் என்று எண்ணுபவர் பலர். நான் அதை ஒப்புக்கொள்ளேன். அந்த 20 மைக்ரான் பூச்சைத் திரும்ப இடுவதற்கு எந்தத் தெருப்பட்டறையிலும் தொட்டி கிடையாது. தகட்டின்மேல் துத்தநாக முலாம் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நிறம் மட்டுமே வேறாக இருக்கிறதென்றால் நீக்கவே வேண்டியதில்லை. மேற்பரப்பை மெல்லத் தேய்த்துப் பிடிப்பு உண்டாக்கி, அதன்மேலேயே புது நிறம் பூசலாம்.

தேய்ப்பது தண்ணீர் விட்டு இருக்கட்டும். பழைய வண்டிகளின் வண்ணத்தில் ஈயமும் குரோமேட்டும் இருக்கக்கூடும். உலர்ந்த தூசி மூக்கினுள் செல்லலாகாது. புதுவண்ணத்தின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமற்போனால் பின்பு சிறிதளவும் பொறுக்காது. என்னிடம் படித்துப் பின்னர் வண்டிப் பட்டறை வைத்த ஒருவர், முகத்தில் கைக்குட்டை கட்டிய பையனை வண்ணம் தெளிக்க விடுவதேயில்லை. கைக்குட்டை தூசியை ஓரளவு தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய்மூலம் தரும் முகமூடி அவர் பட்டறையில் இருக்கிறது. அதன் விலையைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டாம்.

எங்கேனும் இரும்பு வெளிப்பட்டுவிட்டால் வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையின் உப்பே துருவுக்கு வித்து. துடைத்துவிட்டு அன்றைக்கே எபாக்ஸி அடிப்பூச்சு பூச வேண்டும். சாம்பல் நிறப் பிரைமரோடு வாரக்கணக்கில் ஓடும் வண்டிகளைச் சாலையில் காண்கிறோம். எபாக்ஸியல்லாத சாதாரண இடைப்பூச்சுப் பிரைமர் நுண்துளைகள் உடையது. மழைநீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். அதன்மேல் எவ்வளவு நல்ல வண்ணம் பூசினாலும் சில மாதங்களில் கொப்புளம் எழும்.

புதுநிறம் உலர்ந்தபின் வண்டியின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். படித்தகட்டின் கீழ்விளிம்பில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். உள்ளே புகும் மழைநீர் வடிவதற்காக வைத்தவை அவை. வண்ணமும் பட்டியும் அவற்றை அடைத்திருந்தால் ஒரு மெல்லிய குச்சியால் குத்தித் திறந்து, குத்திய ஓரத்தில் சிறிது மெழுகு தடவிவிடுங்கள். பிறகு கதவோரமாக ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது எந்தத் துளை வழியாக வெளியே வருகிறதென்று பாருங்கள்.