ஆறு மாதத்துக்குப் பின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



குழந்தைப் போஷாக்கைப் பற்றிப் பேச எழுந்தவர்கள் தாய்ப்பாலின் பெருமையோடு தொடங்குவது வழக்கம். அதனை இன்று விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. இச்சபையிலுள்ள தாய்மார் அதனை நம்மினும் நன்கறிவர். பிறந்த ஒரு மணி நேரத்துள் பால் கொடுக்கவேண்டும், மஞ்சள் நிறமான கடும்புப்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடலாகாது, தேனும் சீனித்தண்ணீரும் நாவில் தடவலாகாது என்பனவெல்லாம் குடும்பநல மாது வீடு வீடாகச் சென்று சொல்லி வந்த பாடங்கள். அதன் பயன் கண்கூடு. 2016ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். செல்வம் மிகுந்த பல நாடுகளும் எட்டாத நிலை இது.

ஆயின் அதே அளவீட்டிலே வேறு கணக்கும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர். இவ்வளவு நன்றாகப் பால் குடித்து வளர்ந்த பிள்ளை எங்கே தளர்ந்தது? நிறை குறைந்து பிறப்பது ஒரு காரணம். அது கர்ப்பிணித் தாயின் உணவைப் பற்றிய கதை. அதற்குத் தனியே ஒரு கூட்டம் வைக்கவேண்டும். இன்று நாம் பேச வந்தது மற்றைய காரணத்தை. கிளினிக்கிலே தரும் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் ஆறாம் மாதம் வரையில் மேல்நோக்கி ஏறிய கோடு, அதன்பின் படுத்துவிடுவதைப் பல பதிவேடுகளிலே காணலாம்.

அப்போது என்ன நிகழ்கின்றது? தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்து போகின்றது. பால் நல்ல பால்தான். எனினும் வளரும் உடம்புக்கு அது மட்டும் போதாது. ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ள பிள்ளைக்கு வேறு உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். இரண்டாம் வயதிலே அது 550 கலோரியாக உயர்கின்றது. இந்தச் சமயத்தில் நாம் கொடுப்பது யாது? கஞ்சித்தண்ணீர்! பிஞ்சு வயிறு செமிக்காது என்ற அன்பினாலே சோற்றை வடித்து, கரைத்து, மேலும் தண்ணீர் விட்டுத் தருகின்றோம். பிள்ளையின் இரைப்பையோ மிகச் சிறியது. அது தண்ணீரால் நிறைந்துவிட்டால் பிள்ளை தலையைத் திருப்பிக் கொள்ளும். 'வயிறு நிறைந்துவிட்டது' என்று தாயும் மகிழ்வாள். வயிறு நிறைந்தது உண்மைதான்; உடம்புக்குத்தான் ஒன்றும் சேரவில்லை.

ஆகவே தாய்மார் ஒரு சோதனையை நினைவில் வைத்திருங்கள். கரண்டியைச் சற்றே சரித்தால் உணவு வழிந்தோடக்கூடாது. அதிலே தங்கி நிற்கவேண்டும். அவ்வளவு தடிப்பாக மசித்த குழையல் சோறே பிள்ளைக்கு உகந்தது. முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி; சில வாரங்களில் அரைக் கோப்பை வரை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. ஒன்பது மாதமானதும் மூன்று நான்கு தடவை. பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

சோறூட்டும் சடங்கைப் பற்றியும் ஒரு சொல். ஆண்பிள்ளைக்கு இரட்டை மாதம், பெண்பிள்ளைக்கு ஒற்றை மாதம் என்று நாள் பார்க்கின்றோம். ஆண்பிள்ளைக்கு ஆறாம் மாதத்து நாள் நன்றாகவே பொருந்துகின்றது. பெண்பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் முந்திவிடுகின்றது; ஏழாம் மாதத்துக்குத் தள்ளினால் பிந்திவிடுகின்றது. கோயிலிலே விரல் நுனியாற் தொட்டு வைக்கும் பொங்கல் எந்த நாளிலும் இருக்கட்டும். வீட்டிலே சோறு தீத்தத் தொடங்குவது ஆறு மாதம் நிறைந்த அன்றே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாய். பெண் குழந்தைக்கு ஒரு மாதப் பட்டினியை எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

இனிச் சோற்றோடு எதைச் சேர்ப்பது? பருப்பு, பயறு, உழுந்து இவற்றில் ஒன்று. முருங்கையிலை அல்லது பூசணி. மேலே ஒரு தேக்கரண்டி நெய் அல்லது தேங்காயெண்ணெய். அந்த ஒரு தேக்கரண்டியிலேயே ஏறத்தாழ 40 கலோரி இருக்கின்றது. ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். மச்சம் உண்ணும் வீடுகளில் நன்கு அவித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன், ஈரல் ஆகியவற்றைத் தயங்காது கொடுக்கலாம். சைவ உணவு உண்ணும் வீடுகளில் கூடிய கவனம் வேண்டும். இலையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலிற் சேர்வதில்லை. தேசிக்காய்ச் சாறு சில துளியோ, ஒரு துண்டு பப்பாசிப்பழமோ சேர்த்தால் அதிலுள்ள விற்றமின் சி அதனைச் சேரச் செய்யும். விற்றமின் பி12 மரக்கறியில் இல்லை; ஆகவே பாலூட்டும் தாய் பாலும் தயிரும் குறைவின்றி உண்ணவேண்டும்.

தேநீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளை அழுதால் தேநீரில் தோய்த்த பிசுக்கோத்து; அழுகை ஓய்கின்றது. ஆனால் தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பிற் சேரவிடாது. மற்றொன்று போத்தல். நம்மவர் பலர் உத்தியோகம் பார்த்திருந்த சிங்கப்பூரிலே, 1939ஆம் ஆண்டு சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சீனி கலந்த தகரப்பாலைக் குழந்தைக்கு உகந்ததென விற்றவர்களைக் கண்டித்த பேச்சு அது. உலக சுகாதார நிறுவனம் 1981இலே பால்மா விற்பனைக்கு விதிமுறை வகுத்தது. இலங்கை 1983இலே தனக்கென ஒன்றை ஏற்றுக்கொண்டது. விளம்பரத்துக்குக் கடிவாளம் வந்தது. ஆயினும் பால்மாப் பெட்டி அலுமாரியில் இருப்பதைக் கௌரவமாக எண்ணும் மனத்துக்கு விதிமுறை வகுப்பார் யார்?

வாலிபர்களே, 'இது பெண்கள் காரியம்' என்று பின்வரிசையிலே சிரிப்பது நமக்குக் கேட்கின்றது. சிறு பிள்ளைக்குச் சோறு தீத்த அரை மணி நேரம் பிடிக்கும். அடுப்படியிலும் தோட்டத்திலும் நிற்கும் தாய்க்கு நாளில் மூன்று முறை அந்த அரை மணி எங்கிருந்து கிடைக்கும்? கஞ்சித்தண்ணீர் விரைவில் இறங்குகின்றதே, அதுதான் அதன் கவர்ச்சி. அக்காளின் பிள்ளையை மடியில் இருத்தி ஒரு வேளை தீத்திவிடுவதும், நிறுக்கும் நாளிலே கிளினிக்குக்குத் தூக்கிச் செல்வதும் உங்களால் ஆகாதனவல்ல. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக நோய்க்காலம். வயிற்றோட்டம் வந்தால் உணவை நிறுத்துவதே நம்மவர் வழக்கம். பிள்ளை மெலிவது பெரும்பாலும் அப்போதுதான். பால் தொடரட்டும், குழையல் சோறும் சிறிது சிறிதாகத் தொடரட்டும். ஒரு பக்கற்று ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கரண்டியால் அடிக்கடி கொடுங்கள். மறுநாளைக்கு மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள். பிள்ளை சோர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்லவேண்டும். சுகமான பின் இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்து, அடுத்த கிளினிக் நாளில் நிறுத்துப் பாருங்கள்.