அருணாவின் சார்பில் பேசுவது யார்?



மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே வேலைபார்த்த ஒருவனால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கியதில் மூளைக்குப் பிராணவாயு போவது தடைப்பட்டது. உயிர் போகவில்லை, சுயநினைவும் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 25.

பல ஆண்டுகள் கழித்து, பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உணவு கொடுப்பதை நிறுத்தி, அருணாவை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்பது அவருடைய மனு. நீதிமன்றம் மூன்று மருத்துவர்களை நேரில் பார்த்துவரச் சொன்னது. அறையில் ஆள் கூடினால் அருணா சத்தம் போடுகிறார், கூட்டம் குறைந்தால் அடங்கிவிடுகிறார், மீன் அவருக்குப் பிடிக்கிறது என்றெல்லாம் தெரியவந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் படுக்கையில் கிடந்தும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை. அத்தனையும் செவிலியர்களின் கைப்பக்குவம்.

2011 மார்ச் 7 அன்று மனு தள்ளுபடியானது. அருணாவின் சார்பில் பேசும் உரிமை விரானிக்கு இல்லை, பராமரிக்கிற மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது நீதிமன்றம். அவர்களோ அருணா இருக்கட்டும் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று முதன்முறையாகக் கதவைத் திறந்தது. ஊசி போட்டு உயிரை எடுப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். 2015 மே மாதம் நிமோனியாவால் அருணா இறந்தார். செவிலியர்களின் அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அருணா என்ன விரும்பியிருப்பார் என்பது அவர்களுக்கும் தெரியாது, விரானிக்கும் தெரியாது.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு வழி சொன்னது. கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையில் அடக்கம். எந்த நிலையில் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். நல்ல தீர்ப்புதான். நிபந்தனைகள்தான் பூதாகரம்: மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து, அடுத்தடுத்து இரண்டு மருத்துவர் குழுக்கள், கடைசியில் மாஜிஸ்திரேட்டே நோயாளியை நேரில் வந்து பார்ப்பது. ஐ.சி.யூ. வாசலில் தவிக்கிற குடும்பம் மாஜிஸ்திரேட்டைத் தேடி எங்கே போகும்? 2023 ஜனவரியில் நீதிமன்றமே இறங்கிவந்தது. நோட்டரி முன்போ கெஜட்டட் அதிகாரி முன்போ எழுதினால் போதும். மருத்துவர் குழு கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்தால் போதும்.

சட்டத்துக்கு வெளியே நடப்பது வேறு. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்றால் பலருக்கும் புரியும். படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து உயிர் போகச் செய்வார்கள். சட்டத்தின் கண்ணில் அது கொலை. ‘பாரம்’ படம் பேசியதும் இதைத்தான். இதையும் கருணைக்கொலை என்று சிலர் சொல்வதுண்டு. எண்ணெய் தேய்க்குமுன் அந்தப் பெரியவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

தலைக்கூத்தல் நடக்கிற வீடுகளில் வறுமையோடு வலியும் இருக்கிறது. மார்ஃபின் கிடைத்தால் புற்றுநோய் வலி பெருமளவு அடங்கும். ஆனால் 1985இன் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவர்களுக்கே எட்டாத பொருளாக்கியது. 2014இல்தான் விதிகள் தளர்ந்தன. கேரளத்தில் வீடு தேடிப்போய் வலி தணிக்கும் செவிலியர்கள் உள்ளாட்சிகளின் பொறுப்பில் வேலை செய்கிறார்கள்.

எந்த நிலையில் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். தனக்காக முடிவெடுக்க வேண்டியவர்களாக ஒருவருக்கு மேற்பட்ட உறவினர்களைக் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம்.