பிரியமா இருக்காங்க

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அன்பைப் பற்றிப் பேசச் சொன்னதும் சங்கடமாகத்தான் இருந்தது. நான் கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கி குமாஸ்தா. இரண்டு இடத்திலும் இந்தச் சொல் ரொம்பப் புழங்குது. 'அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு' என்று ஆரம்பித்து, தவணை கட்டாவிட்டால் நகை ஏலம் என்று முடிக்கிற கடிதத்தில் தினமும் முத்திரை குத்துகிறேன்.

எங்கம்மா ஒரு பண்ணை வீட்டில் மாட்டுத் தொழுவத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் பழைய சோறும், அந்த வீட்டுப் பையன் போட்டுக் கழித்த சட்டையும் கொண்டு வருவாள். "அவுங்க நம்ம மேல ரொம்பப் பிரியமா இருக்காங்கடா" என்பாள். அந்தச் சட்டையில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பிரியம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கொல்லைப்புறத்தைத் தாண்டி வரவில்லை. அம்மா கூலியைக் கூட்டிக் கேட்ட அன்றைக்கு அதுவும் நின்றுபோச்சு.

நம் இலக்கியத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். அன்பின் ஐந்திணை. சரி, யாருடைய அன்பு? தொல்காப்பியம் அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகிறது. புறம் என்றால் கைக்கிளையும் பெருந்திணையும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அதாவது ஒருதலைக் காதலும் பொருந்தாக் காதலும். ஊழியம் செய்கிறவனுக்கும் காதல் வரும் என்று ஒத்துக்கொண்டார்கள், உட்காரத்தான் வெளியே இடம் போட்டார்கள். சேரி கட்டின மாதிரியேதான்.

பாசம் என்று இன்னொரு சொல். அதற்குக் கயிறு என்றும் பொருள். 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனும் கண்ணகியும் கல்யாணம் செய்துகொண்டதற்காக விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது. தண்டனை பெற்றவர்களில் கண்ணகியின் அப்பனும் உண்டு, அண்ணனும் உண்டு. அந்த வீட்டில் பாசமே இல்லாமலா அந்தப் பெண்ணை வளர்த்திருப்பார்கள்?

அம்பேத்கர் கருணையோடு நிற்கவில்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அதற்கும் மேலே மைத்ரியை வைக்கிறார். 1936இல் லாகூரில் பேசவிடாமல் போன 'சாதி ஒழிப்பு' உரையில் கலப்புமணம்தான் மருந்து என்கிறார். கூடவே, சாதியைப் புனிதமாக்குகிற சாஸ்திரத்தின் மேல் உள்ள நம்பிக்கை உடையாமல் யாரும் அந்த மருந்தைக் குடிக்க மாட்டார்கள் என்றும் சொல்கிறார். இதை நான் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் இங்கே நின்றதில் அர்த்தமில்லை.

என் தங்கச்சி ஒரு அருந்ததியர் பையனை விரும்பினாள். நாங்கள் பறையர். யாரையும் நான் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மூணு மாசம் அவளோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். 'பையனுக்கு நிரந்தர வேலை இல்லையே' என்று நண்பர்களிடம் காரணம் சொன்னேன். அவன் நம்ம சாதியில் பிறந்து வேலை இல்லாமல் இருந்திருந்தால் நானே ஒரு வேலை தேடிக் கொடுத்திருப்பேன். எங்கம்மா ஒரு நாள் கேட்டாள்: "ஏண்டா, அந்தப் பண்ணை வூட்டுக்காரன் மாதிரியே மூஞ்சிய வச்சிருக்கியே?" பதில் சொல்ல வாய் வரலை. பதிவுத் திருமணத்துக்கு அம்மா மட்டும் போனாள். அன்றைக்கு நான் லீவுகூடப் போடவில்லை.

போன வருசம் தங்கச்சி எங்கள் கிளைக்கு வந்தாள், புதுக் கணக்கு ஆரம்பிக்க. என் கவுண்ட்டர்தான். நியமனதாரர் என்ற இடத்தில் கணவன் பெயரை எழுதி, உறவுமுறையையும் நிரப்பி, படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

"சார், சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.